மணலில் பழகிய கை

திருவந்திபுரத்துக் குன்றின்மீது கோயில் கொண்டிருக்கும் ஹயக்கிரீவரைக் கல்வித் தெய்வமாகப் போற்றுவது வைணவ மரபு. வேதாந்த தேசிகர் இங்கே அவர் அருள் பெற்றார் என்பர். பள்ளிப் பிள்ளைகளின் ஏட்டையும் எழுதுகோலையும் அத்திருமுன்பு வைத்து வணங்கும் பெற்றோரின் வேண்டுதல்களுள், 'கையெழுத்துத் திருந்த வேண்டும்' என்பதும் ஒன்றாக இருக்கக்கூடும். அதற்கு நம் முன்னோர் கண்ட வழி கெடிலக் கரை முதலாகத் தமிழகமெங்கும் எளிதாய்க் கிடைத்த ஒரு பொருளில் தொடங்கிற்று. அது மணல்.

திண்ணைப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு முதலில் எழுத்தாணி தரப்படவில்லை. பரப்பிய மணலில், எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே, விரலால் பெரிதாக எழுதினான். பிழைத்தால் உள்ளங்கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். தாளும் வீணில்லை, மையும் வீணில்லை. சுழியும் வளைவும் விரலில் படிந்த பின்னரே ஓலை கைக்கு வரும். ஆசிரியர் கீறித் தந்த எழுத்தின்மேல் எழுத்தாணியை ஓட்டிப் பழகுவான். ஓலையில் எழுதுவது எளிய வேலையன்று. இடக்கையில் ஓலை, அக்கையின் பெருவிரலே எழுத்தாணிக்குத் தாங்கல். அழுத்தினால் ஓலை கிழியும். தளர்த்தினால் எழுத்துத் தெரியாது.

இம்மணலெழுத்து கடல் கடந்த கதையும் உண்டு. சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதக் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் இணங்காமற்போகவே, மாணவன் ஒருவனைக்கொண்டே சிறுவர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் இம்முறை இங்கிலாந்தில் பரவியது. அந்நாட்டு ஏழைப் பிள்ளைகளும் மணல் தட்டில் எழுதினர். பெயர் மட்டும் 'சென்னை முறை' என்று நின்றது. பெயரறியாத அத்திண்ணை ஆசிரியரை யார் நினைத்தார்?

அன்று கையெழுத்து மதிப்பெண்ணுக்காகக் கற்பிக்கப்பட்டதன்று. ஏடு எழுதுவோன் கை பிழைத்தால் கவிதையே பிழைத்துவிடும். ஓலையில் புள்ளியிடும் வழக்கம் அரிது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடில்லை. 'சாபம்' என்பதைச் 'சரபம்' என்றும் படிக்கலாம். எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கியவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பர். எழுத்திலேயே இத்துணை மயக்கம் இருக்க, எழுதுவோன் கையும் கோணினால் என்னாவது? உ. வே. சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த உழைப்பில் ஒரு பங்கு, முகமறியாத இக்கைகளின் தடுமாற்றத்தோடு நடத்திய போராட்டமே. திருவந்திபுரத்துக்குத் தொலைவிலில்லாத தில்லையிலோ, மணிவாசகர் சொல்ல இறைவனே ஏடெழுதினான் என்கிறது மரபு. பாடியவனுக்குச் சமமாகப் படியெழுதுவோனையும் உயர்த்திய கதை இது, கவிஞர்கள் மறக்கலாகாதது.

1835இல் அச்சகம் வைத்துக்கொள்ளும் உரிமை இந்நாட்டவர்க்கும் கிடைத்தபின் நூல்கள் பெருகின. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அச்சுப் பாடநூல்களின் காலம் பிறந்திருந்தது. படியெழுதும் கைக்கு வேலை குறைந்தது. மணலும் மெல்ல மறைந்து பலகை வந்தது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை போன்றவை புது வடிவம் பெற்றன. பிள்ளைக்கு நினைவுச் சுமை குறைந்தது உண்மை. ஆனால் பாட்டன் எழுதிய கடிதத்தில் சில எழுத்துகள் பேரனுக்குப் புதிராயின.

இப்போது மூன்று வயதுப் பிள்ளையின் கையில் நேரே பென்சிலைத் திணிக்கிறோம். ஆங்கில எழுத்துக்கு வகுத்த நான்கு கோட்டு ஏட்டில் பழகிய கை, ழகரத்தின் கீழ்ச்சுழியை எங்கே இறக்குவதென்று தயங்குகிறது. விசயதசமியன்று மட்டும் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கிறார்கள். மறுநாள் அந்த அரிசி உலைக்குப் போய்விடுகிறது.