பத்திரிகை லாபத்தில் எழுந்த முதியோர் இல்லம்

எழுத்துக் கோப்பதில் தொடங்கி வரவு செலவு பார்ப்பது வரை அன்னா செய்யாத வேலை கிடையாது. பவேரியாவிலிருந்து வந்த அவரும் கணவர் யாகோப் ஊலும் 1845இல் நியூயார்க்கில் ‘ஸ்டாட்ஸ் சைட்டுங்’ என்ற ஜெர்மன் பத்திரிகையை வாங்கி, சில ஆண்டுகளிலேயே நாளிதழாக்கினார்கள். 1852இல் ஊல் இறந்துபோனார். கையில் ஆறு குழந்தைகள். நல்ல விலைக்குப் பத்திரிகையைக் கேட்டு வந்தவர்களை அன்னா திருப்பி அனுப்பிவிட்டார்.

அலுவலகத்தில் உடன் உழைத்தவர் ஆஸ்வால்ட் ஓட்டன்டார்ஃபர். மொராவியாவின் ஸ்விட்டாவ் ஊர்க்காரர். 1848 வியன்னாப் புரட்சியில் கலந்துகொண்டு, தப்பி வந்தவர். 1859இல் இருவரும் மணந்துகொண்டனர்.

நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் இருந்த ‘குட்டி ஜெர்மனி’யில், அவர்களின் பத்திரிகையை வாங்கிய தையற்காரர், தச்சர், சுருட்டு சுற்றுகிறவர் என்று உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். உடம்பு ஓடும்வரை கவலையில்லை. ஓய்ந்தபின், பார்த்துக்கொள்ள யாருமில்லாதவர்களுக்கு பிளாக்வெல் தீவின் நகராட்சி ஏழை விடுதிதான் கதி. சம்பாதித்த கௌரவத்தையெல்லாம் படகுத்துறையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டிய இடம் அது.

1873இல் அன்னாவின் மகள் இஸபெல்லா இறந்தாள். இரண்டே ஆண்டுகளில், அவள் பெயரால் அஸ்டோரியாவில் மூதாட்டிகளுக்கு ஓர் இல்லம் திறந்தார் அன்னா. துக்கம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்த மூதாட்டிகளின் குடும்பங்கள் காசு கொடுத்து வாங்கிய பத்திரிகைதானே அவரைச் செல்வந்தராக்கியது?

1884இல் அன்னாவும் மறைந்தார். ஐந்தாண்டு கழித்து, வில்லியம் ஷிக்கெல் வடிவமைத்த பெரிய கட்டடத்துக்கு, ஆம்ஸ்டர்டாம் அவென்யூ 190ஆம் தெருவுக்கு, இல்லத்தை மாற்றினார் ஆஸ்வால்ட். இப்போது ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. அதே 1889இல்தான் பிஸ்மார்க்கின் ஜெர்மனி முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதற்கு 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாய்நாட்டில் அரசாங்கம் ஏற்ற பொறுப்பை இங்கே ஒரு பத்திரிகைக் குடும்பம் ஏற்றிருந்தது.

பழைய கட்டடம் இன்றில்லை. இஸபெல்லாவின் பெயர் நிலைத்துவிட்டது. சுற்றியுள்ள வாஷிங்டன் ஹைட்ஸுக்கு 1930களில் ஹிட்லருக்குத் தப்பிய ஜெர்மானிய யூதர்கள் வந்தார்கள்; பின்னர் டொமினிக்கன் குடும்பங்கள். குட்டி ஜெர்மனியோ அதற்கு முன்பே கலைந்துபோயிருந்தது. அதை உலுக்கிய விபத்து, 1904 ஜூன் 15 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை பலிகொண்ட ‘ஜெனரல் ஸ்லோகம்’ கப்பல் தீ, அடுத்த வாரம்.

(தொடரும்)