நெஸ் ஏரியில் உண்மையில் எதைக் கண்டார்கள்?

அக்காவின் மகள் ஸ்கொட்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கையில் ஒரு பச்சைப் பொம்மை இருந்தது. நீண்ட கழுத்து, முதுகில் இரண்டு திமில்கள். அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதென்ன பிள்ளை, வாத்தோ?” என்று கேட்டார். “வாத்தில்லை அம்மம்மா, நெஸி. எங்கட ஏரியில இருக்கிற மிருகம்” என்றாள் அவள். பிறகு என்னிடம் திரும்பி, “மாமா, அது உண்மையா இருக்கோ? அப்பா பொய் எண்டுறார்” என்றாள்.

தேடிப்பார்த்துச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கழுத்தை எனக்கு முன்பே தெரியும். ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், புகைப்படங்களை எப்படி நம்புவது என்ற வகுப்பில் விரிவுரையாளர் திரையில் காட்டிய முதல் படமே அதுதான்.

நெஸ் ஏரி ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைநாட்டில், இன்வர்னெஸ் நகருக்குத் தென்மேற்கே கிடக்கிறது. நீளம் சுமார் 37 கிலோமீற்றர். அகலமோ பெரும்பாலான இடங்களில் ஒன்றரைக் கிலோமீற்றர்தான். ஆழம் ஏறத்தாழ 230 மீற்றர். இரணைமடு முழுக்கொள்ளளவை எட்டினால் 36 அடி என்று மாரியில் செய்தி போடுகிறோம். இது 750 அடி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ஏரிகளின் நீர் முழுவதையும் சேர்த்தாலும் இந்த ஒரு ஏரியின் நீருக்கு ஈடாகாது. சுற்றியுள்ள மலைகளில் அழுகிப் படிந்த பாசி மண்ணை மழை கழுவிக் கொண்டுவருவதால் தண்ணீர் சாயம் கூடிய தேநீர் நிறத்தில் இருக்கும். சில மீற்றருக்குக் கீழே எதுவும் தெரியாது.

இந்த மிருகத்துக்கு 1,400 வருட வரலாறு உண்டு என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுகின்றன. ஆறாம் நூற்றாண்டில் புனித கொலம்பா ஒரு நீர்மிருகத்தை விரட்டியதாக, அவரது வரலாற்றை எழுதிய அடம்னான் என்ற துறவி குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அவர் அதை எழுதியது சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவதும் ஏரியில் அல்ல, நெஸ் ஆற்றில். புனிதர்கள் கொடிய மிருகங்களை அடக்கும் கதைகள் அக்காலத்தில் ஏராளம்.

இன்று நாம் அறிந்த நெஸி பிறந்தது 1933இல். அந்த வருடம்தான் ஏரியின் வடகரையோரமாகப் புதிய வீதி போடப்பட்டது. கரையோர மரங்கள் வெட்டப்பட்டன, கார்களில் வருவோர் ஏரியை நெடுந்தூரம் பார்க்க முடிந்தது. மே 2ஆம் திகதி ‘இன்வர்னெஸ் கூரியர்’ பத்திரிகையில், ஏரிநீர் கொந்தளித்து ஒரு பெரிய உருவம் புரண்டதை ஒரு தம்பதியர் கண்டதாகச் செய்தி வந்தது. எழுதியவர் அலெக்ஸ் காம்பெல். அவர் ஏரியின் மீன்பிடிக் காவலர், பகுதிநேர நிருபர். ஊர்ச் செய்தியை வரிக்கு வரி எழுதி அனுப்பும் எங்கள் பிரதேச நிருபர்கள் மாதிரி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தியில் நீண்ட கழுத்து இல்லை. அது வந்தது அதே கோடையில், ஜோர்ஜ் ஸ்பைசர் என்பவரும் மனைவியும் தங்கள் காருக்கு முன்னால் நீண்ட கழுத்துடைய மிருகம் ஒன்று வீதியைக் கடந்ததாகச் சொன்ன பிறகு. ‘கிங் கொங்’ திரைப்படம் அந்த ஆண்டுதான் வெளியாகியிருந்தது. அதில் நீரிலிருந்து நீண்ட கழுத்தோடு ஒரு டைனோசர் எழும். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

இதன் பிறகு லண்டன் பத்திரிகைகள் வந்து இறங்கின. ‘டெய்லி மெயில்’ மார்மடியூக் வெதரெல் என்ற வேட்டைக்காரரை அனுப்பியது. 1933 டிசம்பரில் அவர் கரையில் பெரிய காலடித் தடங்களைக் கண்டுபிடித்தார். வார்ப்பு எடுத்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அது நீர்யானையின் தடம் என்று பதில் வந்தது. பதப்படுத்திய நீர்யானைக் கால் ஒன்றை, குடை வைக்கும் தாங்கியாகவோ வேறு எதுவாகவோ பயன்பட்ட ஒன்றை, யாரோ மண்ணில் அழுத்தியிருந்தார்கள். வெதரெல் ஊர்ச் சிரிப்பாகிப் போனார்.

சில மாதங்கள் கழித்து, 1934 ஏப்ரல் 21இல், அதே பத்திரிகையில் அந்தப் புகழ்பெற்ற படம் வந்தது. அலைகளுக்கு நடுவே வளைந்த கழுத்தும் சிறிய தலையும். எடுத்தவர் என்று சொல்லப்பட்டவர் றொபர்ட் கெனத் வில்சன், லண்டனின் மதிப்புக்குரிய மருத்துவர். டொக்டர் ஏன் பொய் சொல்லப்போகிறார்? படம் அறுபது வருடம் நின்றது. 1993இல், இறப்பதற்குச் சற்று முன்னர், வெதரெல்லின் வளர்ப்பு மகன் கிறிஸ்டியன் ஸ்பேர்லிங் உண்மையைச் சொன்னார். விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் மேல் தானே கழுத்தும் தலையும் செய்து பொருத்தியதாகவும், மாற்றாந்தந்தை பத்திரிகையைப் பழிவாங்கவே இதைச் செய்வித்ததாகவும் கூறினார். மருத்துவரை இடையில் போட்டது படத்துக்கு மரியாதை சேர்க்கத்தான். 1994இல் இது பகிரங்கமானது.

விரிவுரையாளர் எங்களுக்குக் காட்டியது இன்னொன்று. பத்திரிகையில் வந்தது நறுக்கப்பட்ட படம். முழுப்படத்தைப் பார்த்தால் அந்தக் ‘கழுத்து’ பரந்த நீரில் ஒரு சின்னக் குச்சி மாதிரி நிற்கும். சுற்றியிருப்பது அலையல்ல, சிற்றலை. பொருளின் உயரம் ஏறக்குறைய ஓர் அடிதான். ஓரங்களை வெட்டியதும் அது பூதமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஏரியை விட்டு ஒரு நிமிடம் விலகுகிறேன். வேறு ஏதோ நாட்டின் போர்க்களப் படத்தை முள்ளிவாய்க்கால் என்று பகிர்ந்திருப்பதை ஒவ்வொரு மே மாதமும் காண்கிறேன். பகிர்பவரின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் எங்களிடம் உண்மையான படங்கள் இருக்கின்றன. மறுக்க விரும்புகிறவருக்கு அவை ஒவ்வொன்றையும் மறுக்கத் தேவையில்லை, பிழையான ஒன்றைத் தூக்கிக் காட்டினால் போதும். மற்ற எல்லாவற்றையும் அதே கூடையில் போட்டுவிடுவார்.

சரி, படம் பொய். ஆனால் கண்டவர்கள்? பதிவான சாட்சியங்கள் ஆயிரத்துக்கு மேல். அத்தனை பேரும் பொய்யர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் எதையோ கண்டிருக்கிறார்கள்.

முதலாவது, படகு அலை. நெஸ் ஏரி 1822இல் திறக்கப்பட்ட கலிடோனியன் கால்வாயின் ஒரு பகுதி. பெரிய படகுகள் போய்வரும் நீர்ப்பாதை. கரைகள் செங்குத்தானவை. படகு கிழித்த அலைகள் கரையில் மோதித் திரும்பி, நடுவில் ஒன்றையொன்று சந்திக்கும்போது வரிசையாகக் கரிய திமில்கள் எழும். அந்த நேரம் படகு கண்ணுக்கெட்டாத தூரம் போயிருக்கும். அமைதியான நீரில், காரணமே இல்லாமல், மூன்று திமில்கள் நகர்வதைக் காண்பவர் என்ன நினைப்பார்?

இரண்டாவது இன்னும் விசித்திரமானது. கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகும். அடிநீர் 5, 6 பாகை செல்சியஸிலேயே கிடக்கும். இரண்டும் இலேசில் கலப்பதில்லை. தென்மேற்குக் காற்று விடாமல் வீசும்போது சூடான மேல்நீர் ஒரு முனையில் போய்க் குவியும். காற்று நின்றதும் அது திரும்ப ஆடும், தொட்டிலைத் தள்ளிவிட்டதுபோல். இந்த ஆட்டம் நீருக்கடியில் நாட்கணக்கில் தொடரும், மேலே பெரிதாகத் தெரியாது. ஆனால் மிதக்கும் மரக்கட்டை ஒன்றை அது காற்றுக்கு எதிர்த்திசையில் இழுத்துச் செல்லக்கூடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை அங்கே அளந்திருக்கிறார்கள்.

இவற்றோடு நீந்தும் மான், நீர்நாய், வரிசையாக நீந்தும் பறவைகள், எப்போதாவது கடலிலிருந்து வந்துவிடும் சீல். வெறும் நீர்ப்பரப்பில் ஒப்பிட ஒன்றும் இல்லாதபோது தூரத்தையும் அளவையும் கணிப்பதில் கண் பெரும் பிழை விடும். எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்ளும். 2003இல் பிபிசி குழுவொன்று வேலிக்கட்டை ஒன்றை நீருக்குள் மறைத்துவைத்து, சுற்றுலாப் பயணிகள் பார்க்கும்போது மேலே எழுப்பியது. கண்டதை வரையச் சொன்னபோது சிலர் வரைந்தது கட்டையை அல்ல, மிருகத்தின் தலையை.

தேடாமலும் விடவில்லை. 1987 ஒக்டோபரில் ஏட்ரியன் ஷைன் தலைமையில் 24 படகுகள் சோனார் கருவிகளோடு ஏரியை வரிசையாகச் சீவின. விளங்காத எதிரொலிகள் மூன்று கிடைத்தன, மிருகம் கிடைக்கவில்லை. 2003இல் பிபிசி 600 சோனார் கற்றைகளால் தேடியது, ஒன்றுமில்லை. 2016இல் ஒரு தானியங்கி நீர்மூழ்கி, ஏரியின் அடியில் நெஸியின் வடிவத்தையே கண்டுபிடித்தது! ஷெர்லொக் ஹோம்ஸ் பற்றி பில்லி வைல்டர் எடுத்த படத்துக்காகச் செய்த பொம்மை அது. படப்பிடிப்பின்போது திமில்களைக் கழற்றியதால் மூழ்கிப் போனது.

ஆகத் தெளிவான பதில் 2019இல் வந்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நீல் கெமல் குழுவினர் ஏரியின் பல இடங்களிலும் ஆழங்களிலும் சுமார் 250 நீர்மாதிரிகள் எடுத்தார்கள். எந்த உயிரினமும் தோல், செதில், கழிவு என்று எதையாவது நீரில் விட்டுத்தான் ஆகவேண்டும். அதிலுள்ள மரபணுவை வாசித்தார்கள். ஊர்வன இனத்தின் தடயமே இல்லை. டைனோசர் காலத்து பிளீசியோசர் தப்பிப் பிழைத்திருக்கிறது என்ற கதை அதோடு முடிந்தது. உண்மையில் அது முன்பே முடிந்திருக்க வேண்டும். பத்தாயிரம் வருடங்களுக்கு முன்வரை அந்த இடம் உறைபனியால் மூடிக் கிடந்தது. மூச்சுவிட மேலே வரவேண்டிய மிருகக் கூட்டம் ஒன்று இத்தனை கமராக்களுக்கு நடுவே ஒளிந்திருக்கவும் முடியாது.

கிடைத்தது விலாங்கு மீனின் மரபணு, ஏறத்தாழ எல்லா இடங்களிலும். அப்படியானால் இராட்சத விலாங்காக இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது, ஏனெனில் மரபணு அளவைச் சொல்லாது. 2023இல் ஃப்ளோ ஃபொக்ஸன் என்ற ஆய்வாளர், பிடிபட்ட விலாங்குகளின் அளவுகளை வைத்துக் கணக்கிட்டார். ஒரு மீற்றர் நீள விலாங்கே 50,000இல் ஒன்றுதான். ஆறு மீற்றருக்கு இடமேயில்லை.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு 2011 ஓகஸ்ட் ஞாபகம் வந்தது. கிறீஸ் பூதம் நாட்டையே சுற்றிய மாதம். நான் அப்போது கம்பஸில். அம்மம்மா விளக்கை அணைக்கவிடாமல் இருந்த இரவுகள் அவை. மக்களுடைய கற்பனை, வதந்தி என்றார்கள். வதந்தியும் இருந்தது, மறுப்பதற்கில்லை. சும்மா தெருவில் போனவர்களைப் பூதமென்று அடித்த சம்பவங்களும் நடந்தன. ஆனால் ஓகஸ்ட் 22 இரவு நாவாந்துறையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானதும், தாங்கள் தாக்கப்பட்டதாக அவர்கள் நீதிமன்றம் வரை சென்று முறையிட்டதும் வதந்தி அல்ல. ‘கண் ஏமாற்றியது’ என்ற விளக்கத்தை யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதையும் நாங்கள் பார்க்கவேண்டியிருக்கிறது.

சாட்சியங்களைப் பதிவுசெய்யப் போகும்போது நான் இப்போது கேட்கும் கேள்விகள் நெஸ் ஏரிக்கும் பொருந்தும். எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்? வெளிச்சம் எப்படி? முன்பே தெரிந்த ஒன்றா? வேறு யார், தனித்தனியாக, கண்டார்கள்? எப்போது முதலில் சொன்னீர்கள்? ஒரு கிலோமீற்றர் தொலைவில் சில விநாடிகள் தெரிந்த கரிய உருவம் இந்தக் கேள்விகளில் கரைந்துவிடுகிறது. வட்டுவாகலில் பகல் வெளிச்சத்தில் மகனின் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று ஒப்படைத்த தாயின் சொல் கரைவதில்லை. அந்த முகம் அவர் பெற்றது. பக்கத்தில் நின்றவர்களும் கண்டார்கள். ஆணைக்குழுக்கள் மாறி மாறி வந்தபோதும் அதையே சொன்னார்கள்.

அக்காவின் மகளுக்குக் குரற்பதிவு அனுப்பினேன். மிருகம் இல்லை, விலாங்கு நிறைய இருக்கிறது, அடுத்தமுறை அங்கே போனால் ஒரு பெரிய படகு கடந்துபோன பிறகும் கரையிலேயே நின்று பார், திமில் எழுந்தால் நேரத்தைக் குறித்துக்கொள் என்றேன். மறுநாள் பதில் வந்தது.

“அப்ப அந்த ஆக்கள் பொய் சொல்லேல்ல என்ன மாமா? அப்பாட்டச் சொல்லுறன்.”