கண்ணிற் பறக்கும் பூச்சி: வன்னியின் கண் வைத்திய வரலாறு பற்றிய ஒரு நோக்கு

களைப்பும் பசியும் மிகுந்தவிடத்து "கண்ணிலை பூச்சி பறக்குது" என்று கூறுவது ஈழத்துத் தமிழரிடையே, குறிப்பாக வயலோடு வாழ்வோரிடையே, பழகிய வழக்காகும். நண்பகல் வெய்யிலில் வரம்பில் நின்று தலைசுற்றியவரும் அவ்வாறு கூறுவர். விரதமிருந்து மயங்கியவரும் அவ்வாறே கூறுவர். வெளிறிய வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கும்போது நூலும் புள்ளியும் சிலந்திவலையும் போன்ற நிழல்கள் மிதந்து செல்வதைக் காணும் முதியவரும் இதே தொடரைத்தான் கையாள்வர். முன்னையோருக்கு நேர்ந்தது கணநேர மயக்கம். பின்னையவர் காண்பதோ கண்ணினுள்ளேயே உள்ள ஒரு பொருளின் நிழல். இருவேறு நிலைகளை ஒரே தொடர் குறிப்பதால் முதியவரும் "பலவீனந்தான்" என்று பாலும் முட்டையும் உண்டு காத்திருப்பார். அக்காத்திருப்பினாற் பெரும்பாலும் தீங்கில்லை. சிற்சில வேளைகளில் அது பார்வையையே போக்கிவிடும்.

இம்மயக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 2ஆம் நூற்றாண்டினரான கிரேக்க வைத்தியர் கேலன், நுளம்பு போன்ற உருவங்கள் கண்முன் தோன்றுவது இரைப்பைக் கோளாற்றினாலா அன்றிக் கண்புரையின் தொடக்கத்தினாலா எனப் பிரித்தறிய முயன்றார். சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் திமிரம் என்னும் நோயை விவரிக்குமிடத்து, அது கண்ணின் இரண்டாம் படலத்தை எட்டும்போது நோயாளி ஈ, நுளம்பு, மயிர், வலை முதலியவற்றைக் காண்பான் என்கிறது. நோய் முற்றினால் முடிவு இலிங்கநாசம், அதாவது பார்வையிழப்பு. கண்ணோய்களை 96 என வகுத்த சித்த மருத்துவத்தில் நயனவிதி என்ற பெயரிலேயே நூல்கள் உள. பறக்கும் பூச்சிகள் புரையாக முற்றுவதில்லை என்பது இன்று தெளிவு. எனினும் அவற்றைப் பொருட்படுத்தாது விடலாகாது என்பதிற் பழைய வைத்தியர் தவறவில்லை.

உண்மைக் காரணம் புலப்பட 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1851இல் ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை வெளியிட்டார். கண்கோளத்தை நிரப்பி நிற்கும் கண்ணாடியுடனீர் பெரும்பகுதி நீராலும், நுண்ணிய புரத நார்களாலும் ஆய ஒரு கூழ். வயது ஏற அது இளகி, நார்கள் திரண்டு, அவற்றின் நிழல் விழித்திரையில் விழுகிறது. ஐம்பது வயதின் பின்னர் அக்கூழ் விழித்திரையினின்றும் விலகுவதும் இயல்பே. கிட்டப்பார்வை உடையோரில் இது முந்தியே நிகழும். விலகும் கூழ் விழித்திரையைப் பற்றி இழுக்குமாயின் மின்னல் போன்ற ஒளி தோன்றும். சிலரில் விழித்திரை கிழியும். இவ்விலகலினாற் புதிய மிதப்புகளோ மின்னலோ திடீரெனத் தோன்றி வைத்தியரை நாடுவோருள் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இத்தகைய கிழிவு காணப்படுகிறது. கிழிவினூடாக நீர் புகுந்தால் விழித்திரை கழன்று, பார்வையின் ஓரத்தில் திரை இறங்குவது போன்ற கருமை படரும்.

சுவிற்சர்லாந்தின் லோசான் நகர வைத்தியர் ஜூல் கொனன், அக்கிழிவைக் கண்டறிந்து மூடினால் விழித்திரை மீண்டும் ஒட்டும் என 1920களில் நிலைநாட்டினார். அதுவரை கழன்ற விழித்திரை பெரும்பாலும் குருடாகவே முடிந்தது. 1960களில் லேசரும், 1970களில் கண்ணாடியுடனீரையே அகற்றும் சத்திரசிகிச்சையும் வந்து சேர்ந்தன. கழலுமுன் கிழிவைக் கண்டால் லேசர் கொண்டு சில நிமிடங்களில் அடைத்துவிடலாம். கழலல் பார்வையின் மையத்தை எட்டியபின் செய்யும் சத்திரசிகிச்சை பழைய பார்வையை முழுமையாகத் தருவது அரிது. இடைப்பட்ட காலம் சில நாட்களே. சிலரில் சில மணித்தியாலங்களே. வன்னியின் வரலாற்றை இவ்விடத்தில் நினையாதிருத்தல் இயலாது.

1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், காய்ச்சலாலும் பறங்கிநோயாலும் நலிந்து, குடிசனம் அருகிய ஒரு நிலத்தையே காட்டுகிறது. மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த டொக்ரர் கிறீன் 1867இல் 'இரணவைத்தியம்' என்னும் நூலை வெளியிட்டார் எனினும், அவர்தம் மாணவரின் சேவை குடாநாட்டிலேயே செறிந்தது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையுற்றது. கொழும்பில் விக்ரோறியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலை எழுந்ததும் ஏறத்தாழ அக்காலமே. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமை தற்செயலாயினும், வன்னியின் கண் நோயாளிக்குப் பாதையே பாதி வைத்தியமாயிற்று எனின் மிகையாகாது.

அப்பாதை 1990இல் அறுந்தது. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. ஏ-9 வீதி 2002இல் திறந்து 2006இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 பெப்ரவரி முதல் மே வரை புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கப்பல் மூலம் கொண்டு சென்றது. உயிர் காப்பதே பெரும்பாடான அக்கரையில், ஒரு கண்ணின் ஓரத்தில் நிழல் படர்வதை யாரிடம் முறையிடுவது? வெடிப்பின் அதிர்வும் முகத்தில் விழும் அடியும் விழித்திரையைக் கிழிக்க வல்லன. அது உடனே தோன்றாது, மாதங்களின் பின்னும் கழலக்கூடும். இவ்வகையில் இழக்கப்பட்ட கண்கள் போரின் கணக்குகளில் தனியே இடம்பெறவில்லை.

புகையிரதம் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. கொழும்பிலுள்ள தேசிய கண் வைத்தியசாலை நெடுங்காலமாக இத்துறையின் தலைமை நிலையமாக விளங்குகிறது. வவுனியாவிலிருந்து அது ஏறத்தாழ 250 கிலோமீற்றர், முல்லைத்தீவிலிருந்து அதனினும் மிகுதி. ஆகவே எது காத்திருக்கலாம், எது காத்திருக்கலாகாது என்ற அறிவு கொழும்புவாசியைக் காட்டிலும் முத்தையன்கட்டு விவசாயிக்கே அதிகம் வேண்டும். ஆண்டுக்கணக்காக மாறாதிருக்கும் ஓரிரு புள்ளிகள் அஞ்சத்தக்கன அல்ல. கண் அவற்றைப் பொருட்படுத்தாதிருக்கப் பழகிவிடும். புள்ளிகள் திடீரெனப் புகைக்கரி தூவினாற்போற் பெருகினாலும், இருளில் மின்னல் தோன்றினாலும், ஓரத்தில் திரை விழுந்தாலும், அடிபட்ட பின்னர் இவை நேர்ந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உடையோரில் இது உட்குருதிக் கசிவாகவும் இருக்கலாம். நோவில்லை என்பது ஆறுதலாகாது. விழித்திரைக்கு நோவுணர்ச்சியே இல்லை.

ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து, எக்கண்ணில் எப்போது தொடங்கிற்று எனக் குறித்துச் சென்றால் வைத்தியருக்கு வேலை எளிதாகும். கண்மணியை விரிக்கும் துளிமருந்து இட்ட பின்னர் சில மணித்தியாலங்களுக்குப் பார்வை மங்கலாயிருக்குமாதலின், மோட்டார் சைக்கிளைத் தாமே செலுத்திச் செல்லாது, கூட ஒருவரை அழைத்துச் செல்வது நன்று.