பல்லவ மல்லனும் உத்திரமேரூரும்: மற்போரில் பிடிவிடுத்தல் குறித்த சான்றுகள்

திறவுச்சொற்கள்: மற்போர், உத்திரமேரூர், பல்லவ மல்லன், புறநானூறு, பிடிவிடுத்தல்

முன்னுரை

காலியூர்க் கோட்டத்து உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், முதலாம் பராந்தகனின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளால் உலகறிந்த ஊராகும். குடவோலை முறைக்கு அவை தரும் சான்று பெரிது. எனினும், இவ்வூரைப் பிரமதேயமாக அமைத்தவன் எனக் கருதப்படும் இரண்டாம் நந்திவர்மன் ‘பல்லவ மல்லன்’ என்னும் விருதுப்பெயரால் அறியப்பட்டவன் என்பதும் கருதத்தக்கது. பகைவன் பற்றிக்கொண்டவிடத்து அப்பிடியினின்று விடுபடும் திறன் பற்றி அப்பெயரும் பிற சான்றுகளும் உணர்த்துவன யாவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விருதுப்பெயர் தரும் செய்தி

‘மல்’ என்னும் சொல் வலிமை, வளம், மற்போர் ஆகிய பொருள்களைத் தருவது. வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ எனப்பட்டான்; மாமல்லபுரம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் நந்திவர்மனும் மல்லன் என்னும் பெயரையே ஏற்றான். கிளைமரபில் தோன்றி, இளம்பருவத்தில் அரியணை ஏறிய அவனுக்கு முன்னோன் புகழை நினைவூட்டும் பெயர் அரசியல் தேவையாகவும் இருந்திருக்கலாம். ஆதலின், விருதுப்பெயர் ஒன்றைக் கொண்டே மன்னனின் உடற்பயிற்சியை உறுதிசெய்தல் பொருந்தாது. ஆயினும், அவன் எடுப்பித்த காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சிற்பங்களில் பல்லவர் வரலாற்றுடன் மல்லர் பொருதும் காட்சியும் இடம்பெறுகிறது. அரசவையில் மற்போர் மதிக்கப்பட்டமைக்கு இது சான்றாகும்.

புறநானூறு தரும் செய்தி

பிடிவிடுக்கும் நுட்பத்தைத் தெளிவாகக் காட்டுவது புறநானூற்றின் 80ஆம் பாடலாகும். போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் இதில் பாடியுள்ளார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யவரும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைகிறது. இதில் கருதத்தக்கவை இரண்டு. தாக்குதலும் தற்காப்பும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன என்பது ஒன்று. கைகள் பிணைந்துள்ள நெருக்கத்தில் காலே எதிரியின் அடுத்த பிடியைத் தடுக்கிறது என்பது மற்றொன்று. பற்றிய கையை வலிமையால் மட்டும் விலக்க முயலாது, எதிரியின் நிலைப்பைக் குலைப்பதே இதன் அடிப்படை. இன்றைய மல்யுத்தப் பயிற்சியிலும் இக்கூறு முதன்மை பெறுகிறது.

பட்டினப்பாலை, புகார் மணற்பரப்பில் பரதவர் கையாலும் படைக்கலத்தாலும் பொருது விளையாடியதைக் கூறுகிறது. அரசரல்லாத மக்களிடையேயும் நெருங்கிப் பொரும் பழக்கம் வழங்கியதை இது உணர்த்துகிறது. சிலப்பதிகாரம் மாயோன் ஆடிய மல்லாடலைப் பதினோராடல்களுள் ஒன்றாக வைக்கிறது. போர்முறை கூத்தாகவும் நிலைபெற்றமை இதனால் பெறப்படும்.

சான்றுகளின் எல்லை

இச்சான்றுகள் பெரும்பாலும் வென்றவனின் புகழைப் பாடுவன. பற்றப்பட்டவன் தன்னைக் காத்துக்கொண்ட முறை, வெற்றிக்குத் துணைசெய்த அளவிலேயே பதிவாகியுள்ளது. பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளோ உறுப்பினர் தகுதி, வாரியங்களின் அமைப்பு ஆகியவற்றை விதிப்பன. மற்பயிற்சி அவற்றின் பொருளன்று. எனவே, மல்லன் பெயர்கொண்ட அரசன் அமைத்த ஊர் என்பதனால் மட்டும் அவ்வூரில் மற்போர்க்களம் இருந்தது எனக் கொள்ளுதல் சான்றை மீறுவதாகும்.

முடிவுரை

விருதுப்பெயர் அரசின் பெருமிதத்தையும், சிற்பம் அவையின் மதிப்பையும், சங்கப் பாடல் உடலின் செயல்முறையையும் காட்டுகின்றன. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளாது, அவ்வவற்றின் இயல்பறிந்து பயன்படுத்துதல் வேண்டும். அவ்வாறு நோக்குமிடத்து, பிடித்தலும் விடுபடலும் பிரிக்கவியலாத ஒரே கலையாகத் தமிழ் மரபில் உணரப்பட்டமை தெளிவாகிறது.