நெகேமியா மோத்தா

நெகேமியா மோத்தா (இறப்பு: 1615) எபிரேயக் கவிஞர், கப்பாலா என்னும் யூத மறைஞான மரபில் தோய்ந்தவர். கேரளத்தின் கொச்சி யூதர்கள் அவரை நம்யா முத்தா என்பார்கள். பூர்வீகம் ஏமன் என்பது ஒரு வழக்கு. இத்தாலி, போலந்து என்போரும் உண்டு.

அந்த மறைஞான மரபுக்கு ஒரு பின்னணி உண்டு. 1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. ஊரிழந்தோர் பலர் சேர்ந்த கலிலேயா மலைநகர் சஃபேதில் ஐசக் லூரியா (இறப்பு: 1572) கப்பாலாவுக்குப் புதுவிளக்கம் தந்தார். படைப்பின்போதே இறையொளி தாங்கிய கலங்கள் உடைந்தன. சிதறிய பொறிகளை மனிதரின் வேண்டுதலும் நற்செயலும் மீட்கின்றன என்றார். நாடற்றவரின் அலைச்சலுக்கும் இதில் ஒரு புனிதப் பணி இருந்தது. துயரத்தை மறைக்காமல் ஆறுதல் தரும் அரிய சிந்தனை இது.

ஸ்பெயினும் போர்த்துகலும் அடங்கிய ஐபீரியாவிலிருந்து தப்பிய யூதர் சிலர் கொச்சிக்கும் வந்தார்கள். போர்த்துகீசியர் 1560-இல் கோவாவில் சமய விசாரணை மன்றம் அமைத்தனர். கொச்சி அரசரோ யூதர்களுக்குத் தம் அரண்மனையை ஒட்டியே இடம் தந்தார். 1568-இல் அங்கே அவர்களின் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது.

மோத்தாவின் பாடல்கள் கொச்சி யூதரின் வழிபாட்டு நூல்களில் சேர்ந்தன. அவர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் உள்ள மோத்தாவின் கல்லறைக் கல்வெட்டு அவரைக் கப்பாலா அறிஞர் எனப் போற்றுகிறது. நினைவுநாள் எபிரேய நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25, யூதப் பண்டிகையான ஹனுக்காவின் முதல் நாள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றி நேர்ந்துகொள்கிறார்கள்.