பந்தியும் பலிபீடமும்

கி.பி. 55 அளவில் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தில் கடுமையான கண்டனமொன்று உண்டு. ஆண்டவரின் இராப்போசனத்துக்குக் கூடிய வேளை வசதிபடைத்தோர் முந்தியுண்டு வெறித்திருக்க, இல்லாதோர் பசித்திருந்தனர். ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கவேண்டும் என்பதே அவர் விதித்த ஒழுங்கு. ஆதித் திருச்சபையில் சகோதரத்துவத்தின் உரைகல்லாக அமைந்தது பந்தியே.

கி.பி. 112 அளவில் பித்தினியா ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் கூடியுண்டது சாதாரணமான, தீங்கற்ற உணவையே என விசாரணையில் தெரியவந்ததாகப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். சங்கங்களைத் தாம் தடைசெய்தபின் அவ்வழக்கம் கைவிடப்பட்டதாகவும் குறிப்பிட்டார்.

காலப்போக்கில் நற்கருணை வழிபாடு தனியாயிற்று. ‘அகாப்பே’ எனும் அன்பின் விருந்து வேறாயிற்று. 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாச் சங்கம் அவ்விருந்தை ஆலயங்களுக்குள் நடத்தலாகாதென விதித்தது. பலிபீடம் நிலைத்தது, பந்தி வெளியேறியது. பசித்தவனுக்காகக் காத்திருக்கும் கடமை மட்டும் நீக்கப்படவில்லை.