இருபத்து நான்கு மணி நேரம்

காவல்துறை ஒருவனைக் கைது செய்யலாம். ஆயின் அவன் எத்தனை நாள் அடைபட்டிருக்க வேண்டும் என்பதை அத்துறையே தீர்மானித்தல் ஆகாது. இக்கோட்பாட்டை 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 22ஆம் விதி தெளிவாக வரையறுத்துள்ளது. கைதானவர், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நீதிபதியின்முன் நிறுத்தப்படல் வேண்டும். தடுப்புக் காவல் சட்டங்களின்கீழ்ப் பிடிபடுவோர் இதற்கு விலக்காவர். மலேசிய அரசியல் சட்டத்தின் 5ஆம் விதியும் 24 மணி நேரத்தையே குறிக்கின்றது. சிங்கப்பூரில் அது 48 மணி நேரமாகும்.

நேரில் நிறுத்த வேண்டும் என்பதற்கு ஏன் இத்துணை அழுத்தம்? சிலப்பதிகாரம் கற்ற மாணவர்க்கு விடை சொல்ல வேண்டியதில்லை. பாண்டியன் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான். கோவலனை அவைக்கு அழைத்து ஒரு வினாவும் கேட்டானில்லை. குற்றம் சாட்டப்பட்டவனின் முகத்தைக் காணாமலே ஆணை பிறந்தது. அந்த ஒரு குறையே ஓர் அரசைச் சாய்த்தது.

இதே குறை 1985ஆம் ஆண்டில் சம்மு-காசுமீர் மாநிலத்தில் நேர்ந்தது. சட்டமன்ற உறுப்பினரான பீம் சிங் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். செப்டம்பர் 9ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. 11ஆம் நாள் கூடவிருந்த அவையிற் கலந்துகொள்ள அவர் சம்முவிலிருந்து சிறிநகர் நோக்கிப் புறப்பட்டார். வழியில், விடியற்காலை மூன்று மணியளவில், காசிகுண்டு என்னுமிடத்திற் கைதானார். கிளர்ச்சியூட்டும் வகையிற் பேசினார் என்பது குற்றச்சாட்டு. அவர் எங்கு வைக்கப்பட்டுள்ளார் என்பது குடும்பத்தாருக்குத் தெரியவில்லை. அவர்தம் துணைவியார் உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்தார்.

உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. காவலர்கள் 11ஆம் நாளும் 13ஆம் நாளும் காவல் நீட்டிப்பு ஆணைகளைப் பெற்றிருந்தனர். இரு முறையும் பீம் சிங் நேரில் நிறுத்தப்படவில்லை. ஆணையிட்டவர்களும் ஆள் எங்கே என்று கேட்கவில்லை. 14ஆம் நாளன்றுதான் அவர் முதன்முதலாக நீதிபதியைக் கண்டார். 16ஆம் நாள் பிணையில் வெளிவந்தார். அவை கூடும் நாளோ கடந்து போயிற்று.

ஈண்டு ஒரு சிக்கல் எழுந்தது. ஆட்கொணர்வு மனுவால் கிடைக்கக்கூடியது விடுதலை. மனுதாரர் விடுதலை அடைந்துவிட்டால், நீதிமன்றம் வழங்குதற்கு எஞ்சியிருப்பது யாது? நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் காலித்தும் 1985 நவம்பரில் விடை கண்டனர். விடுவித்துவிட்டமையால் மட்டும் இழைத்த தீங்கு கழுவப்பட்டுவிடாது என்று கருதி, மாநில அரசு 50,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டுமெனத் தீர்ப்பளித்தனர். ஆணையைக் கடமையுணர்வின்றி வழங்கிய நீதித்துறையினரையும் அவர்கள் கண்டிக்கத் தவறவில்லை.

இத்தீர்ப்பு தனித்துத் தோன்றியதன்று. விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பின்னரும் பீகார்ச் சிறையில் 14 ஆண்டுகள் கிடந்த ஒருவர்க்கு 1983ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இழப்பீடு வழங்கியிருந்தது. 1993ஆம் ஆண்டு, காவலில் மகனை இழந்த ஒரிசாத் தாய்க்கு 1,50,000 ரூபாய் வழங்கிற்று. சட்டத்திற்கு மாறாகக் கைதானோர்க்கு இழப்பீடு கோரும் உரிமை உண்டு என்னும் அனைத்துலக உடன்படிக்கை விதியை, 1979இல் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தபோது இந்திய அரசு ஏற்காது விலக்கு வைத்துக்கொண்டது. அரசு மறுத்ததை நீதிமன்றம் அளித்தது என்பது கருதத்தக்கது.

எனினும் இழப்பீடு முழு மருந்தாகாது. அப்பணம் அரசுக் கருவூலத்திலிருந்து, அஃதாவது மக்களின் வரிப்பணத்திலிருந்து வருவது. தவறு செய்த கை வேறு. பொருள் கொடுக்கும் கை வேறு. மேலும், மக்கள் பிரதிநிதி ஒருவர்க்கு உச்சநீதிமன்றம் வரை செல்ல வழியிருந்தது. எழுத்தறியாக் கூலித் தொழிலாளிக்கு அவ்வழி உண்டா?

ஆதலின், அரசியல் சட்டத்தை மாணவர்க்குக் கற்பிக்குங்கால் 24 என்னும் எண்ணோடு நிறுத்திவிடலாகாது. அவ்வெண்ணுக்கு உயிரளிப்பது நீதிபதி கேட்க வேண்டிய ஒரு வினாவே: ‘ஆள் எங்கே?’ 1985 செப்டம்பர் 11ஆம் நாள் மாலை அவ்வினா எழுப்பப்பட்டிருந்தால், நவம்பரில் 50,000 ரூபாய்க்குத் தேவை நேர்ந்திராது.